பிரேக் வேலை முடிந்தும் பெடல் பஞ்சாக இறங்கினால்: மறுபடி ஏர் எடுப்பதா, சிலிண்டரை மாற்றுவதா, வண்டியைத் திருப்பி விடுவதா?

பேட் மாற்றியாகிவிட்டது, அல்லது காலிப்பரோ (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஹோஸோ (அதற்கு ஆயில் கொண்டுபோகும் குழாய்) மாற்றியாகிவிட்டது. சக்கரத்தைப் பூட்டி, ஜாக்கை இறக்கி, உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் கால் பாட்டுக்கு உள்ளே போகிறது. அடித்து அடித்து மிதித்தால் கொஞ்சம் மேலே வருகிறது, விட்டால் மறுபடி பழையபடி. பக்கத்தில் இருக்கிற ஒருவர் "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்பார். இன்னொருவர் "மாஸ்டர் சிலிண்டர் போச்சு" என்பார், பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை அது. மூன்றாமவர் "இன்னொரு தடவை ஏர் எடுத்துப் பாருங்கள்" என்பார், அதாவது ஆயில் போகும் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றச் சொல்வார்.

முதலாமவரை மட்டும் இப்போதே அனுப்பிவிடலாம். புதுப் பேட் டிஸ்க்கில் படியும் வரை பிடிப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும், அது உண்மை. ஆனால் அங்கே குறைவது பிடிப்பு. பெடல் ஆழமாக இறங்குவது அதில் சேராது. பெடல் தரைப் பக்கம் போகிற வண்டியை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்ய முடியாது.

மற்ற இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் பலர் மாட்டிக்கொள்கிற இடம். என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் "எந்தப் பம்ப் வாங்கலாம்?" என்றே தொடங்குகிறார்கள். பெடல் எப்படி இறங்குகிறது என்று திருப்பிக் கேட்டால் "சாஃப்டா இருக்கு" என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த ஒரு சொல்லுக்குள் வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் பார்ப்பவை நாலு. பெடல் எப்படி நடந்துகொள்கிறது, ரிப்பேரில் எந்த இணைப்பு திறக்கப்பட்டது, இடையில் ஆயில் டப்பா காலியானதா, வண்டியில் இருப்பது எந்த மாதிரி பிரேக். கையில் என்ன கருவி இருக்கிறது, உதவிக்கு ஆள் உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பலர் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவதால்தான் பணமும் ஆயிலும் வீணாகின்றன.

பெடலின் நடத்தை. எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பூஸ்டரில் (காலின் விசையைக் கூட்டித் தரும் பாகம்) இருக்கும் வாக்கும், அதாவது வெற்றிடம், தீர்ந்துவிடும். இப்போது பெடல் கட்டையாக, அதாவது அமுங்காமல் கெட்டியாக, நிற்க வேண்டும். காலை அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்பினால் பெடல் லேசாகக் கீழே இறங்கும். இது பூஸ்டர் வேலை செய்கிறது என்பதன் அடையாளம், கோளாறு இல்லை. எஞ்சின் ஓடும்போது பெடல் மென்மையாகத் தெரிவதை மட்டும் வைத்து பயந்துபோய் வண்டியைப் பிரித்தவர்கள் உண்டு. அதனால் எதையும் எஞ்சின் நின்றிருக்கும்போதே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் கவனிக்க வேண்டியவை:

- காலுக்கு அடியில் பலூன் இருப்பது போல அமுங்கி, திருப்பித் தள்ளுகிறது: காற்று. பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பினாலும் இதே உணர்வுதான்.
- முதல் மிதியில் ஆழமாகப் போகிறது, இரண்டாவது மிதியில் உயரத்தில் கட்டையாக நிற்கிறது, பஞ்சுத்தன்மை இல்லை: இடைவெளி அதிகம். டிரம் பிரேக்கில் ஷூ (டிரம்மின் உள்சுவரை அழுத்திப் பிடிக்கும் பாகம்) தள்ளி இருக்கிறது, அல்லது பேட் சரியாக உட்காரவில்லை.
- அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது: எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல்.
- பெடல் உயரமாக, கட்டையாகவே இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கிறது: பேட் படியவில்லை, அல்லது பேட்டில் கிரீஸ் பட்டிருக்கிறது. இது ஏர் எடுக்கிற விஷயமே இல்லை.

எது திறக்கப்பட்டது. பேட் மட்டும் மாற்றினால் ஆயில் போகும் வழி எங்கும் திறக்கப்படுவதில்லை. காற்று நுழைய வாய்ப்பு குறைவு. பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள், வேலை முடிந்ததும் நாலைந்து முறை மிதித்து அதை வெளியே கொண்டுவந்தாலே போதும். இதைச் செய்யாமல் வண்டியை நகர்த்தி முன்னால் நின்ற சுவரில் முட்டியவர்களும் உண்டு. காலிப்பர், ஹோஸ், வீல் சிலிண்டர் மாற்றினால் அந்தச் சக்கரத்தில் காற்று இருக்கும். மாஸ்டர் சிலிண்டரோ ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பெட்டியோ மாற்றினால் எல்லாப் பக்கமும் இருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆயில் டப்பா. வேலை நடுவே டப்பா காலியாகி காற்றை இழுத்திருந்தால் கணக்கே மாறிவிடும். ஒரு சக்கரத்து வேலை முழு வண்டி வேலையாகிவிடும்.

பிரேக்கின் வகை. சாதாரண பூஸ்டர் வண்டி, ஏபிஎஸ் உள்ள வண்டி, மின் பம்பு அழுத்தம் கொடுக்கிற ஹைபிரிட் அல்லது மின்சார வண்டி. கடைசி வகையில் வீட்டு முயற்சிக்கு இடமில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

## துளிக் காற்று போதுமா?

போதும். ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 22 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 3.8 சதுர செ.மீ. வரும். உள்ளே 1 மில்லி காற்று இருந்தால், பிரேக் அழுத்தம் பல பத்து பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) போகும்போது அது நசுங்கி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும். அந்த 1 மில்லி இடத்தை நிரப்ப பிஸ்டன் 2.6 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் 4 என்றால், அதாவது பிஸ்டன் நகர்வதைப்போல் கால் நாலு மடங்கு நகரும் என்றால், உங்கள் கால் ஏறத்தாழ 1 செ.மீ. கூடுதலாக இறங்கும். கால் தேக்கரண்டி காற்றுகூட இல்லை இது. 3 மில்லி இருந்தால் 3 செ.மீ.க்கு மேல் போய்விடும்.

அதனால் "முக்கால்வாசி ஏர் போய்விட்டது, போதும்" என்ற பேச்சுக்கு இங்கே இடம் இல்லை. மிச்சமுள்ள காலைத்தான் உங்கள் கால் உணர்கிறது.

## முதல் வழி: ஏர் எடுக்காமலே சரிசெய்வது

இரண்டாவது மிதியில் பெடல் உயர்ந்து கட்டையாக நின்றால், எந்தப் பம்பையும் வாங்கும் முன் இங்கே தொடங்குங்கள். செலவு உங்கள் நேரம் மட்டும்தான்.

பின்னால் டிரம் இருக்கிற வண்டியில் ஷூவை மாற்றிவிட்டு அட்ஜஸ்டரைத் திருப்பாமல் விட்டால் ஷூ டிரம்மைத் தொடுவதற்கே பெடலின் பாதிப் பயணம் போய்விடும். டிரம்மைக் கையால் சுற்றும்போது லேசாக உரசுகிற அளவுக்கு ஷூவை விரிக்க வேண்டும். கை பிரேக் கேபிளை இறுக்கி இதை ஈடுகட்டப் பார்ப்பது தவறு. கேபிள் ஷூவைப் பாதி இழுத்து வைத்திருந்தால் தானியங்கி அட்ஜஸ்டர் ஒழுங்காக வேலை செய்யாது.

கை பிரேக்கோடு சேர்ந்த பின் காலிப்பர்களில் பல, பிஸ்டனைத் திருகி உள்ளே அனுப்பும் வகை. வேலைக்குப் பின் அது பேட்டிலிருந்து தள்ளி நின்றால் பெடல் ஆழமாகப் போகும். பேட் கிளிப்புக்கு அடியில் துரு இருந்து பேட் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலும், மிதிக்கும்போது பேட் வளைந்துகொடுத்து பஞ்சு போலத் தெரியும். காற்று என்று நினைத்து ஏமாறுகிற இடம் இதுதான்.

இன்னொன்று: நேராக நிற்கும்போது பெடல் நன்றாக இருந்து, வளைவில் திரும்பிய பிறகு முதல் மிதி மட்டும் ஆழமாகப் போனால் வீல் பேரிங் ஆட்டம், அல்லது டிஸ்க் கோணலாக உட்கார்ந்திருப்பது. ஹப் முகத்தில் ஒட்டியிருக்கும் துருத் துணுக்கே போதும், டிஸ்க் தள்ளாடி பேட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு ஒன்றுதான். கசிவைப் பார்க்காமல் அட்ஜஸ்ட் செய்துகொண்டே இருப்பது. ஹோஸும் காலிப்பரும் சேரும் போல்ட்டில் பழைய செம்பு வாஷரையே மறுபடி போட்டிருந்தால் அங்கே மெதுவாகக் கசியும். காகிதத்தால் எல்லா இணைப்பையும் துடைத்து, ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மறுபடி துடைத்துப் பாருங்கள். ஈரம் வந்தால் மற்ற யோசனையெல்லாம் தள்ளி வைக்கலாம்.

## இரண்டாவது வழி: ஒருவர் மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறக்க

பழைய முறை. ஒரு ரிங் ஸ்பேனர், ஒரு தெளிவான குழாய், ஒரு பாட்டில், ஒரு பொறுமையான ஆள். பெரும்பாலான சாதாரண வேலைகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. சரியாகச் செய்கிறவர்கள்தான் குறைவு.

மிதிப்பவர் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளை (காற்றை வெளியே விடச் சக்கரப் பக்கம் இருக்கும் சின்னத் திருகு) கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை திறப்பார், பெடல் இறங்கும், நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு" என்பார். "பிடி", "விடு" என்ற இரண்டு சொற்களில் குழப்பம் வந்தால் ஒரே நொடியில் காற்று திரும்ப உள்ளே போய்விடும். வேகமாகப் பம்ப் அடிப்பது அடுத்த தவறு. பெரிய குமிழி உடைந்து நுரையாகிவிடும், நுரையை வெளியே எடுப்பது குமிழியை எடுப்பதைவிடச் சிரமம்.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது? மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் இருப்பதில் தொடங்கு என்பது பொதுவான பேச்சு. குறுக்காகப் பிரித்த இணைப்பு உள்ள வண்டிகளிலும் சில ஏபிஎஸ் வண்டிகளிலும் வரிசை மாறும். வண்டியின் கையேட்டில் இருப்பதே முடிவு.

இதன் மறைந்த செலவு மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிறது. தினமும் ஓட்டும்போது அதன் பிஸ்டன் தன் பயணத்தின் முதல் பாதியில் மட்டும் ஓடும். மீதி நீளத்தில் பல வருட அழுக்கும் துருவும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் சீல் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். காற்றை எடுக்கப் போய் சிலிண்டரைக் கெடுத்துக்கொண்ட கதை இப்படித்தான் நடக்கிறது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து முழுப் பயணத்தைத் தடுத்தால் இது நடக்காது. கிட்டத்தட்ட செலவில்லாத காப்பீடு.

என் அனுபவம் ஒன்று. ஒருமுறை முன் காலிப்பர் இரண்டையும் நானே மாற்றினேன். மாலை முழுக்க ஏர் எடுத்தேன், பாட்டில் பாட்டிலாக ஆயில் போனது, குமிழியே வரவில்லை, பெடல் மட்டும் பஞ்சாகவே இருந்தது. மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, நிப்பிள் காலிப்பரின் அடிப்பக்கம் இருந்தது. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். காற்று மேலே ஏறும். நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் மேலே தங்கிய காற்று அசையாது. காலிப்பர் மாற்றிய வண்டியில் நான் முதலில் பார்ப்பது இப்போது நிப்பிள் எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

ஒரு சக்கரம் மட்டும் திறக்கப்பட்டு, டப்பா காலியாகாமல், உதவிக்கு ஆளும் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. ஒற்றை வழி வால்வு உள்ள குழாய் மாட்டித் தனியாளாகச் செய்கிறவர்களும் உண்டு. நிப்பிளின் மரை வழியே கொஞ்சம் காற்று திரும்ப வரலாம் என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும்.

## மூன்றாவது வழி: தானாக இறங்க விடுவது

நிப்பிளைத் திறந்து குழாயை மாட்டிவிட்டு ஆயில் தன் எடையில் சொட்டட்டும் என்று காத்திருப்பது. யாரும் மிதிக்க வேண்டாம், சீல் கெடாது, நுரை வராது. டப்பாவை மட்டும் மறக்காமல் நிரப்ப வேண்டும். காலிப்பர் மாற்றியவுடன் முதலில் கொஞ்ச நேரம் இப்படி விட்டுவிட்டு, பிறகு ஆள் வைத்து மிதிப்பது நல்ல சேர்க்கை. மேடான குழாய் வளைவில் சிக்கிய குமிழியைத் தள்ள இந்த மெதுவான ஓட்டத்துக்குப் பலம் போதாது.

## நான்காவது வழி: வாக்கும் பம்ப்

சக்கரப் பக்கம் இருந்து உறிஞ்சி எடுப்பது. தனியாள் வேலை, ஆயில் மாற்றுவதற்கு அருமை. காய்ந்துபோன புதுக் காலிப்பரை நிரப்பவும் உதவும்.

ஆனால் "ஏர் போயிற்றா?" என்று தெரிந்துகொள்ள இது மோசமான கருவி. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியே வெளிக்காற்றையும் பம்ப் உறிஞ்சும். குழாயில் குமிழி வந்துகொண்டே இருக்கும். உள்ளே காற்று மிச்சம் இருக்கிறது என்று நினைத்து ஆயிலை ஊற்றிக்கொண்டே இருப்போம். மரையின் வெளிப்பக்கம் கெட்டியான கிரீஸ் தடவினால் கொஞ்சம் குறையும். குமிழியை நம்பாமல் பெடலை நம்ப வேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் உறிஞ்சும் விசை ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டாது. பிடிவாதமான குமிழிக்கு அது போதாமல் போகலாம்.

## ஐந்தாவது வழி: பிரஷர் பிளீடர்

ஆயில் டப்பாவின் மூடிக்குப் பதிலாக ஒரு இணைப்பை மாட்டி, மேலிருந்து அழுத்தத்தோடு ஆயிலை அனுப்புவது. 1 முதல் 1.5 பார் வரை போதும். வண்டித் தயாரிப்பாளர் சொன்ன வரம்பைத் தாண்டக் கூடாது. ஓட்டம் தொடர்ந்து இருப்பதால் குமிழி இடையில் தங்காது. பெடலைத் தொடவே வேண்டாம், மாஸ்டர் சிலிண்டர் சீலுக்கும் ஆபத்தில்லை. முழு வண்டிக்கும் ஏர் எடுக்க வேண்டுமானால், கருவிகளில் என் தேர்வு இதுதான்.

மறைந்த செலவு மூடியில் இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் மூடி வேறு. சரியாகப் பொருந்தாத மூடியை மாட்டி அழுத்தம் ஏற்றினால் ஆயில் பீய்ச்சியடித்து வண்டி பெயிண்ட்டை உரித்துவிடும். பிரேக் ஆயில் பெயிண்ட்டுக்கு எமன். பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அதனால் முதலில் ஆயில் ஊற்றாமல் காற்றை மட்டும் ஏற்றி, மூடியில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிளீடர் தொட்டியில் ஆயில் தீர்ந்துபோனாலும் கவனிக்காமல் விட்டால், அழுத்தத்தோடு காற்று உள்ளே போகும். அப்புறம் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வருடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு வண்டியைத் தொடுகிறவருக்கு இது வாங்கத் தகுந்ததா? எனக்குச் சந்தேகம். இரண்டு மூன்று வண்டிகளைத் தானே பராமரிப்பவருக்கு நிச்சயம் தகும்.

## ஆறாவது வழி: ஸ்கேன் டூல் வைத்து ஏபிஎஸ் ஏர் எடுப்பது

ஏபிஎஸ் பெட்டிக்குள் சாதாரணமாக மூடியே இருக்கும் வால்வுகள் உண்டு. அவற்றுக்குப் பின்னால் ஒரு சிறு அறையும் பம்பும் இருக்கும். அங்கே சிக்கிய காற்றை வெளியிலிருந்து எப்படி மிதித்தாலும் எடுக்க முடியாது, வால்வு திறந்தால்தான் வரும். வண்டியின் கணினியோடு இணைக்கும் கருவியான ஸ்கேன் டூல் அந்த வால்வுகளைத் திறந்து மூடி, பம்பை ஓட்டி, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிறது. அதன் பிறகு வழக்கம்போல ஒருமுறை ஏர் எடுக்க வேண்டும்.

எல்லா ஏபிஎஸ் வண்டிக்கும் இது தேவையா? இல்லை. டப்பா காலியாகாமல், பெட்டியைத் தொடாமல் காலிப்பர் மட்டும் மாற்றியிருந்தால் பெரும்பாலும் வேண்டாம். பெட்டியை மாற்றியிருந்தால், அல்லது பலமுறை ஏர் எடுத்தும் பெடல் திருந்தாவிட்டால் இதற்குப் போகலாம். ஏமாற்றுகிற ஒரு நிலையும் உண்டு. மூடிய பகுதியில் மட்டும் காற்று இருந்தால் பெடல் கட்டையாகவே இருக்கும். ஏபிஎஸ் முதல்முறை வேலை செய்ததும் அந்தக் காற்று வெளியே வந்து பெடல் சட்டென்று இறங்கிவிடும்.

வெற்று இடத்தில் வேகமாகப் போய் வேண்டுமென்றே ஏபிஎஸ்ஸைத் தூண்டி இந்தக் காற்றை எடுக்கலாம் என்று சொல்வார்கள். பஞ்சான பெடலோடு வேகமெடுக்கச் சொல்கிற யோசனை அது. நான் செய்ய மாட்டேன்.

## ஏழாவது வழி: மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவது

அதிகமாகப் பரிந்துரைக்கப்படுவதும், காரணம் இல்லாமல் அதிகமாகச் செய்யப்படுவதும் இதுதான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலையாகிவிடக் கூடாது.

மாற்றத் தகுந்த அறிகுறி தெளிவானது. எஞ்சின் நின்ற நிலையில் பெடலை ஒரே சீராகப் பிடித்தால் அது மெதுவாக இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை, டப்பாவில் அளவும் குறையவில்லை. உள் சீலைத் தாண்டி ஆயில் பின்னால் வழிகிறது என்று பொருள். பலமாக அழுத்திப் பார்த்தால் போதாது, லேசாக அழுத்தியும் பாருங்கள். தேய்ந்த சீல் பலமான அழுத்தத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நடிக்கும். அளவு குறைந்தும் வெளியே ஈரம் தெரியாவிட்டால் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்தைப் பாருங்கள். பின் சீல் வழியே பூஸ்டருக்குள் போய்க்கொண்டிருக்கலாம்.

உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. சிலிண்டரின் வெளிவழிகளைச் சரியான மரையுள்ள பிளக்கால் அடைத்துவிட்டு மிதிக்க வேண்டும். பெடல் உயரத்தில் கல் மாதிரி நின்றால் சிலிண்டர் நல்லது, கோளாறு கீழே இருக்கிறது. இதே யோசனையைச் சக்கரத்துக்குச் சக்கரமும் செய்யலாம். ரப்பர் ஹோஸை அதற்கென்றே உள்ள கிளாம்பால் அடைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால், எதை அடைக்கும்போது பெடல் கட்டையாகிறதோ அங்கேதான் காற்று. கம்பி பின்னிய ஹோஸில் கிளாம்ப் போடக் கூடாது. நைந்த பழைய ஹோஸிலும் வேண்டாம்.

மாற்றினால் வருகிற மறைந்த செலவுகள் மூன்று. புது சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன் வைஸில் பிடித்து, வெளிவழிகளிலிருந்து குழாயை டப்பாவுக்கே திருப்பிவிட்டு, குமிழி நிற்கும் வரை மெதுவாகத் தள்ளிக் காற்றை எடுக்க வேண்டும். இதை விட்டால் சிலிண்டருக்குள்ளேயே காற்று தங்கி, பழைய பெடலே திரும்ப வரும். புது சிலிண்டரும் "டிஃபெக்ட்" என்று பழி சுமக்கும். அடுத்து, பூஸ்டரின் தள்ளுகம்பி நீளம். குறைவாக இருந்தால் வெறும் ஆட்டமாகப் பெடல் இறங்கும். அதிகமாக இருந்தால் ஆயில் திரும்பும் துளை மூடியே இருந்து பிரேக் விடாமல் பிடிக்கும். மூன்றாவது, நாலு சக்கரத்துக்கும் மறுபடி ஏர் எடுக்கிற வேலை.

## எட்டாவது வழி: வேலை செய்த இடத்துக்கே திருப்பி விடுவது

ஒர்க்‌ஷாப்பில் செய்த வேலை என்றால், நீங்களே ஸ்பேனரைத் தொடும் முன் இதை யோசியுங்கள். ஒரு நிப்பிளைத் திறந்துவிட்டால், பிறகு வருகிற கோளாறு அவர்களுடையதா உங்களுடையதா என்பதில் சண்டை வரும். மறைந்த செலவு: அங்கே வரை எப்படிப் போவது? பெடல் இறங்குகிற வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இழுவை வண்டியில் அனுப்புங்கள், அல்லது அவர்களை வரச் சொல்லுங்கள்.

போகும்போது "பிரேக் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல் மூன்றைக் கேளுங்கள். வேலையின்போது டப்பா காலியானதா? எந்த ஆயில் ஊற்றினீர்கள்? ஸ்கேன் டூல் பயன்படுத்தினீர்களா? இரண்டாவது கேள்வி முக்கியம். பேச்சுவழக்கில் பிரேக் ஆயில் என்கிறோமே தவிர, பெரும்பாலான வண்டிகளில் இருப்பது எண்ணெயே இல்லை, கிளைகால் வகைத் திரவம். டாட் 3, டாட் 4, டாட் 5.1 அந்த இனம். டாட் 5 என்பது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ தவறி ஊற்றப்பட்டிருந்தால் ரப்பர் சீல்கள் ஊதிப் பெருத்துவிடும். அப்போது ஏர் எடுப்பதில் பயனில்லை, ரப்பர் உள்ள பாகங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

ஹைபிரிட், மின்சார வண்டிகளுக்கு இந்த வழியே. அவற்றில் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் தானாக ஓடி அழுத்தம் ஏற்றிக்கொள்கிற மாடல்கள் உண்டு. காலிப்பரில் விரல் இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது சரி | ஆள், கருவி | மறைந்த செலவு |
|---|---|---|---|
| அட்ஜஸ்ட்மெண்ட் | இரண்டாவது மிதியில் பெடல் கட்டை | ஒருவர் | கசிவைக் கவனிக்காமல் விடுவது |
| ஆள் வைத்து மிதிப்பது | ஒரு சக்கரம் திறந்தது | இருவர், ஸ்பேனர், மரக்கட்டை | மாஸ்டர் சிலிண்டர் சீல் |
| தானாக இறங்க விடுவது | முதல் நிரப்பலுக்கு | ஒருவர், நேரம் | பிடிவாதக் குமிழி அசையாது |
| வாக்கும் | ஆயில் மாற்ற | ஒருவர், பம்ப் | பொய்க் குமிழி, ஆயில் விரயம் |
| பிரஷர் | முழு வண்டியில் காற்று | ஒருவர், பிளீடர், சரியான மூடி | பெயிண்ட், தொட்டி காலியாவது |
| ஸ்கேன் டூல் | ஏபிஎஸ் பெட்டியில் காற்று | தெரிந்தவர், வண்டிக்கேற்ற டூல் | தேவையில்லாமல் செய்வது |
| மாஸ்டர் சிலிண்டர் | பிடித்தால் பெடல் இறங்குகிறது | அனுபவம் உள்ளவர் | மாட்டும் முன் காற்று எடுக்க மறப்பது |
| திருப்பி விடுவது | ஹைபிரிட், தவறான ஆயில், பொறுப்பு யாருடையது என்ற நிலை | இழுவை வண்டி | ஓட்டிக்கொண்டு போகும் ஆசை |

## இரவு முழுக்கப் பெடலைக் கட்டி வைக்கும் வித்தை

ஒரு கம்பை இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக்கொடுத்து இரவு முழுக்க அழுத்தி வைத்தால் காலையில் பெடல் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை மெக்கானிக்குகளிடையே பரவலாக உண்டு. சில நேரம் மறுநாள் பெடல் மேம்பட்டிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். நுண்குமிழிகள் ஒன்று சேர்ந்தோ கரைந்தோ போவதால் இருக்கலாம். ஆனால் கரைந்த காற்று உள்ளேதான் இருக்கிறது. காலையில் மறுபடி ஏர் எடுக்காமல் இதை மட்டும் நம்பி வண்டியை எடுக்கக் கூடாது. இன்னொன்று, இரவு முழுக்க பிரேக் விளக்கு எரியும். பேட்டரி ஒயரைக் கழற்றாமல் செய்தால் காலையில் பெடல் இருக்கும், ஸ்டார்ட் இருக்காது.

## எந்த வழியில் போனாலும்

புதிதாகத் திறந்த பாட்டில் ஆயிலையே ஊற்றுங்கள். கிளைகால் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும் என்பது தரவிதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலைக்கு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். பல மாதம் திறந்து கிடந்த பாட்டிலை ஊற்றினால் வீட்டு வாசலில் பெடல் கட்டையாக இருக்கும், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறியதும் நீர் ஆவியாகிப் பஞ்சாகும்.

வேலை முடிந்ததும் எஞ்சினைக் கிளப்பி, பெடலை ஒரு நிமிடம் பலமாகப் பிடித்துப் பாருங்கள். இறங்கக் கூடாது. பிறகு சமதளத்தில், நடக்கிற வேகத்தில், கை பிரேக்கில் கை வைத்தபடி சில முறை நிறுத்திப் பாருங்கள். அன்றைக்கு அதோடு விடுங்கள். மறுநாள் காலை, வண்டியை நகர்த்தும் முன் முதல் மிதி எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். ராத்திரி முழுக்க அசையாமல் நிற்கும்போது சின்னக் குமிழிகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். முந்தின நாளைவிட ஒரு விரல் அளவு கூடுதலாக இறங்கினாலும் ஸ்பேனரை மறுபடி எடுங்கள்.